சுரண்டி எடுத்த லேபிள்

ஜூன் 3, செவ்வாய்

சலவைக்குப் போன திரைச்சீலைகள் வந்தன. ஒன்றின் விளிம்பு கோணல். திருப்பி அனுப்பினேன். "கோணலா இருந்தா யாருக்கு அண்ணி தெரியப்போகுது? எனக்கா?" என்றாள் சின்னு. எனக்குத் தெரியும் என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அப்புறம் கத்தினேன். ஒரு திரைச்சீலைக்காகக் கத்தியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

மாலையில் அவளைக் காது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதின் நரம்பும் வற்றிக்கொண்டு வருகிறதாம். கருவியை மாற்றிப் பயனில்லை. அறுவைச் சிகிச்சையை அவள் இதயம் தாங்காது. "இன்னும் எவ்வளவு நாள் டாக்டர்?" என்று அவளே கேட்டாள். "அது வந்து..." என்று அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பக்கம், டாக்டர். கேட்டது நான்" என்றாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள் குரல் திரும்பியதைக் கண்டுபிடித்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம். சில வாரங்கள் இருக்கலாம், முன்னாலேயே போனாலும் போகலாம் என்றார், அவளைப் பார்த்து.

திரும்பும்போது காரில் நாங்கள் பேசவில்லை. பேசியிருக்கலாம். இன்னும் கேட்கத்தானே செய்கிறது.

ஜூன் 5, வியாழன்

என் கணவர் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர்: அவருடைய தங்கை, நான். காது முழுக்கப் போனால் அவளிடம் எப்படிப் பேசுவது?

உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டலாம் என்று நினைத்தேன். சின்னு சிரித்தாள். "எனக்கு 'அ' எப்படி இருக்கும்னே தெரியாதே அண்ணி!" உண்மை. எழுபது வயதாகியும் அவள் ஒரு எழுத்தைக்கூட உருவமாக அறிந்ததில்லை. அவளுக்குத் தெரிந்தவை புள்ளிகள். பார்வையற்றோர் பள்ளியில் விரலால் கற்ற பிரெயில்.

சரி, புள்ளிகளை நான் குத்துகிறேன் என்று அவளுடைய பலகையையும் ஊசியையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தாளைத் திருப்பித் தடவுவதால் வலமிருந்து இடமாகக் குத்தவேண்டும். அது பழகிவிடும். முடக்குவாதம் பிடித்த என் விரல்கள்தான் பழகாது. ஒரு வரி முடிவதற்குள் கட்டைவிரல் வீங்கிவிட்டது. சின்னு தடவிப் பார்த்தாள். "பாதிப் புள்ளி ஏறவே இல்ல. எதுக்கு இந்தப் பாடு?"

தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

சின்னு ஒரு விடுதிக்குப் போன் செய்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல். கண்ணும் காதும் இல்லாதவர்களுக்கான இடம். ஊழியர்கள் கையைத் தொட்டே பேசுவார்களாம். ஜூலை முதல் தேதி ஓர் அறை காலியாகிறது.

"சும்மா விசாரிச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து: "நீங்க ரூம்ல இருக்கீங்களா இல்லையான்னுகூடத் தெரியாம உக்காந்திருக்கறதுக்கு, அங்க இருக்கலாம் இல்ல?"

"உன் இஷ்டம்" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். போகாதே என்று யாரிடமும் சொல்லி எனக்கு வழக்கமில்லை. மகன் வெளிநாட்டுக்குப் புறப்பட்டபோது, கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டாயா என்றுதான் கேட்டேன்.

ஜூன் 9, திங்கள்

அவருடைய அறையைத் திறந்தேன்.

அவர் சின்னு படித்த பள்ளியின் அச்சகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர். அச்சகத்தை மூடியபோது, எடைக்குப் போட இருந்த பிரெயில் அச்சுப்பொறியையும் அதை ஓட்டும் கணினியையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். வரவேற்பறையில் வைக்கக் கூடாது என்றேன், இங்கே வைத்தார். தங்கைக்குச் செய்தி, கதை, மாத்திரை சாப்பிடும் வேளை என்று எதையாவது அடித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அவருக்குப் பிறகு யாரும் தொடவில்லை. சின்னுவுக்கு ரேடியோ போதுமாக இருந்தது.

ஊசிதான் எனக்கு ஆகாது. விசைப்பலகை ஆகும். கான்வென்டில் தட்டெழுத்துக்கு என்னைத் தாண்ட ஆளில்லை.

மகனைப் போனில் கூப்பிட்டேன். கணினி வேலையில் இருப்பவன். "அம்மா, அது மியூசியத்துக்குப் போகவேண்டிய சாமான். புதுசு வாங்கித் தரேன்." புதியது வர மாதங்கள் ஆகுமாம். தமிழைப் புள்ளியாக மாற்றும் நிரல் அந்தப் பள்ளிக்கென்றே எழுதப்பட்டது; இந்தக் கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. "புதுசுல தமிழ் வருமா?" என்று கேட்டேன். "பாக்கணும்" என்றான். பாக்கணும் என்று அவன் சொன்ன எதையும் அவன் பார்த்ததில்லை.

"அத்தைக்கு அந்த ஹோம்தான் நல்லது. கொஞ்சம் யோசிங்கம்மா."

யோசித்தாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

சுவிட்சைப் போட்டேன். விசிறி முனகியது. திரை வெளுத்தது. வயதானவர் மாடிப்படி ஏறுவதுபோல் நிதானமாகத் தன் நினைவகத்தை எண்ணி முடித்தது. பிறகு, தேதி தெரியவில்லை, வட்டு தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிவிட்டு நின்றுவிட்டது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதே இரண்டு வரி.

தெருமுனையில் கணினி பழுதுபார்க்கிறவரை வரச்சொன்னேன். எல்லோரும் அவரைப் புரொபசர் என்கிறார்கள்; கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வாராம். "மேடம், இந்த மாதிரியை நான் வேலை கத்துக்கறப்பவே பழசுன்னு சொல்லுவாங்க" என்று ஆரம்பித்து, தேநீர் ஆறும்வரை பேசினார். சாரம் இதுதான்: உள்ளே நாணயம் அளவில் ஒரு பேட்டரி. தன்னோடு இணைத்திருக்கும் வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், எப்படிப்பட்டது என்பதை அந்தப் பேட்டரியின் தயவில்தான் கணினி நினைவில் வைத்திருக்கும். பேட்டரி செத்து, கசிந்து, மின்சுற்றுப் பலகையெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. வட்டை மறந்துவிட்டதால் அதிலிருக்கும் ஓ.எஸ். என்ற இயங்குதளத்தை எழுப்பத் தெரியவில்லை. அது எழுந்தால்தான் நிரல் எழும்.

"ஞாபகத்தைத் திருப்பிக் குடுக்க முடியுமா?"

"அது பெரிய வேலையே இல்ல மேடம். முதல்ல இந்தப் பச்சையை வினிகர் தொட்டுச் சுத்தம் பண்ணுங்க. நல்லாக் காயட்டும். வெள்ளிக்கிழமை வரேன், புது பேட்டரி போட்டு, நாலு நம்பர் தட்டினா ஓ.எஸ். பூட் ஆயிடும்."

ஜூன் 11, புதன்

பழைய பல்துலக்கி, வினிகர், பஞ்சு. பச்சை முழுவதும் போய்விட்டது. ஆனால் அழுக்கு ஓர் இடத்தில் மட்டும் போனால் போதும் என்று விடுகிற ஆள் நானில்லை. விசிறியின் ஒவ்வோர் இதழையும் துடைத்தேன். வட்டுப் பெட்டியின் தலையில் பழுப்பேறிய லேபிள் ஒன்று, ஓரங்கள் சுருண்டு, பசையில் செத்த பூச்சியோடு. பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்பிரிட் தடவி, பிளேடால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தேன். இப்போது முகம் பார்க்கலாம் போல இருக்கிறது.

விரல்கள் வலிக்கின்றன. திருப்தியான வலி.

ஜூன் 13, வெள்ளி

புரொபசர் வந்தார். மூடியைத் திறந்ததும் விசிலடித்தார். "மேடம், ஷோரூம்ல வெக்கலாம் இதை!" புதிய பேட்டரியைப் பொருத்தினார். திரையில் ஒரு நீலப் பக்கம் வந்தது.

"ம். அந்த வட்டு மேல ஒட்டியிருக்கற லேபிளைப் படிங்க. மூணு நம்பர் இருக்கும்."

நான் வினிகர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன்.

"லேபிள் மேடம். பழுப்பா ஒண்ணு இருந்துச்சே, அன்னைக்குப் பாத்தேனே."

"சுத்தம் செய்தேன்."

"எதை?"

"எல்லாவற்றையும்."

வட்டுப் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "படிச்சு வெச்சுக்கிட்டீங்களா?" எழுத்து தேய்ந்துபோயிருந்தது, அழுக்கு என்றுதான் நினைத்தேன் என்றேன். குப்பைக்காரர் நேற்றே வந்து போய்விட்டார். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்பவர் இன்றைக்கு முதல்முறையாக ஒன்றும் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்று சின்னு கேட்டாள். அவளுக்குச் சத்தமாகத்தான் சொல்லவேண்டும்; பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒரு லேபிளை விட்டுவெக்க மனசு வரலையா உங்களுக்கு? அண்ணன் தப்பிச்சதே பெரிய விஷயம்!"

சிரித்து முடித்த பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் அந்த எந்திரத்தை நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

புரொபசர் மறுபடி வந்தார், கூப்பிடாமலே. வட்டு என்பது வளைய வளையமாக அறைகள் கட்டிய கட்டடம் மாதிரியாம். எத்தனை வளையம், வளையத்துக்கு எத்தனை துண்டு, படிக்க எத்தனை தலை: இந்த மூன்றையும் நாம்தான் கணினிக்குச் சொல்லவேண்டும். இந்தக் காலத்துக் கணினிகள் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும், இது கண்டுபிடிக்காது. ஆனால் அந்த நாளில் புழக்கத்திலிருந்த வட்டுகளின் பட்டியல் ஒன்று அந்த நீலப் பக்கத்திலேயே இருக்கிறது. நாற்பத்துச் சொச்சம் வகை.

"உங்க வட்டு அதுல ஒண்ணா இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இல்லேன்னா என்னால ஆகாது மேடம்."

"ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்."

"பாருங்க. ஆனா தப்பான வகையில இருக்கறப்ப எதையும் சேமிக்கக் கூடாது. சேமிச்சீங்க, உள்ள இருக்கறது மேலயே எழுதிடும். அப்புறம் கடவுளே வந்தாலும் பூட் ஆகாது."

இரண்டு முறை செய்துகாட்டச் சொல்லி, நீலப் பக்கத்துக்குப் போகும் வழியை எழுதிக்கொண்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. வரட்டும்.

ஜூன் 16, திங்கள்

முதல் வகை. அணை, போடு, காத்திரு. இயங்குதளம் இல்லை என்றது. இரண்டாம் வகை. எழ ஆரம்பித்து நடுவில் உறைந்தது. மூன்றாம் வகைக்கு ஒரே கிறுக்கல் எழுத்துகள். நல்ல வளர்ப்பு, மறுப்பதைக்கூட ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக மறுக்கிறது.

சின்னு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்ன சொல்லுது?"

"வேணாங்குது."

"உங்க வயசு கேட்டுதா?"

"வாயை மூடிக்கொண்டு உட்கார்."

"கேக்கல, சத்தமா!"

ஜூன் 18, புதன்

இன்று அவளுக்கு அழைப்புமணி கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

எழுந்துவிட்டது! பதினொன்றாம் வகை. எண்ணி முடித்து, ஒரு கணம் இருண்டு, பிறகு தொடங்குகிறேன் என்ற ஒரு வரி. அப்புறம் மூலையில் ஓர் எழுத்து, ஓர் அம்புக்குறி, கண் சிமிட்டும் கோடு. அவர் எதிரே உட்கார்ந்திருந்த அதே திரை. சின்னுவின் தோளைத் தட்டிச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்தாள். நானும் கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நிரலின் பெயரைத் தட்டினேன். வட்டு கரகரவென்று தேடியது. அந்தத் துண்டு இல்லை என்றது. விட்டுவிடவா, மறுபடி முயலவா? முயல் என்றேன். இல்லை என்றது. மறுபடி. இல்லை.

"ஏன் அண்ணி சத்தத்தையே காணோம்? ஓடலையா, இல்ல எனக்குத்தான் கேக்கலையா?"

இரண்டும், என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

புரொபசர் பார்த்தார். "வட்டு போச்சு மேடம். வாசல் நல்லா இருக்கு, உள்ள இடிஞ்சிருக்கு. இத்தனை வருஷம் சும்மா கிடந்ததுல. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க, லேபிள் இருந்திருந்தாலும் இதே கதைதான்."

ஆறுதலாகச் சொன்னார். எனக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 21, சனி

சின்னு பெட்டி அடுக்குகிறாள். உடுப்புகளை மடிப்பதில் எப்போதும் என்னைவிடச் சுத்தம். அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

"ரேடியோவை நீங்க வெச்சுக்கோங்க அண்ணி. அங்க எனக்கெதுக்கு."

சரி என்றேன். சமையலறைக்குப் போய் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே.

ஜூன் 23, திங்கள்

எதுவும் செய்யத் தோன்றாமல் அந்தக் கணினிமுன் உட்கார்ந்து, அதிலிருந்த கோப்புகளின் பெயர்களை வரிசையாகப் பார்த்தேன். அவர் அடித்தவை. ஒவ்வொன்றாகத் திறந்தேன். பள்ளி அச்சகத்தில் இருந்தபோது அடித்தவை எல்லாம் திறந்தன. கடைசி வருடங்களில் சின்னுவுக்காக அடித்தவை ஒன்றுகூடத் திறக்கவில்லை. நிரலையும் அந்தக் கடைசி வருடங்களில்தான் திருத்தி வாங்கிப் போட்டார். எனக்கு நினைவிருக்கிறது, அந்த வாரம் முழுக்கச் சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

முன்னால் வைத்தவை எல்லாம் சரி, பின்னால் வைத்தவை எல்லாம் இல்லை. கெட்டுப்போகிற எதுவும் இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. அலமாரியில் பூச்சி அரித்தால் அங்கொன்று இங்கொன்றாகத்தான் அரிக்கும். ஒரு தட்டுக்குமேல் எல்லாம் பத்திரம், கீழே எல்லாம் நாசம் என்று கோடு போட்டு அரிக்குமா?

வட்டு இடியவில்லை. அதை உள்ளதைவிடச் சின்னதாக நான் சொல்லியிருக்கிறேன். தலையும் துண்டும் சரியாக இருக்கப்போய்த்தான் எழுந்தது. வளையம் போதவில்லை. கடைசி வளையங்கள் இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. போய்த் தட்டாத கதவைத் திறக்கவில்லை என்கிறது.

நீலப் பக்கத்துக்குப் போனேன். பதினொன்றில் எழுந்ததும் பட்டியலை அப்படியே விட்டுவிட்டிருந்தேன், வேலை முடிந்ததென்று. நானா அப்படி விட்டேன்! தொடர்ந்து இறங்கினேன். பதினேழாம் வகை: அதே தலைகள், அதே துண்டுகள், வளையம் மட்டும் அதிகம்.

அணை, போடு, காத்திரு.

நிரல் திறந்தது.

அச்சுப்பொறியில் அவர் மிச்சம் வைத்த தடித்த தாளை ஏற்றினேன். என்ன அடிப்பது என்று ஒன்றும் தோன்றவில்லை. 'இது படிக்க வருகிறதா?' என்று அடித்தேன். ஆணி அடிப்பதுபோல் அது முழங்கியதில் மேசை நடுங்கியது. சின்னு சுவரைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தாள். அந்தச் சத்தம் மட்டும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் எட்டுகிறது. தாளை வாங்கித் தடவினாள். ஒருமுறை. மறுபடி.

"வருது" என்றாள். பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

புரொபசருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "நானும் அதைத்தான் நெனச்சேன் மேடம்" என்றார். பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. அடுக்கியபடி.

ஜூன் 27, வெள்ளி

காலையில் வீடே அதிரும்படி ரேடியோ. ஓடிப்போனேன். கட்டிலில் உட்கார்ந்து, குமிழை முழுக்கத் திருகி, அதைக் காதோடு வைத்திருந்தாள். "அண்ணி! இது கெட்டுப்போச்சு போல. பேட்டரி மாத்திப் பாருங்களேன்."

நான் பக்கத்தில் நின்றேன். யாரோ வானிலை படித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி? இருக்கீங்களா?"

அவள் கையைப் பிடித்து ஒலிபெருக்கியின்மேல் வைத்தேன். அது அதிர்வது விரலுக்குத் தெரிந்தது. புரிந்துகொண்டாள். ரேடியோவை அவளே அணைத்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

இந்த இரண்டு நாளும் அடித்துக் கொடுத்தவை: சாப்பாடு தயார். மாத்திரை போட்டாயா. வெளியே மழை. மகன் விசாரித்தான். எல்லாம் சரியாகப் போகிறது. அவள் படித்துவிட்டு உரக்கப் பதில் சொல்கிறாள். தன் குரல் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

நாளை மறுநாள் முதல் தேதி. மத்தியானம் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து, கம்பளிச் சட்டையை மேலாக வைத்தாள்.

நான் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பாடுபட்டது மாத்திரை போட்டாயா என்று கேட்கவா? அடித்தேன். அழித்தேன். பெரிதாக எழுதினேன், காரணமெல்லாம் சொல்லி. படித்துப் பார்த்தால் பள்ளிக் கட்டுரை. அழித்தேன். கடைசியில் இரண்டே சொல். இங்கேயே இரு.

அரை வரிதான். நொடியில் அடித்து முடித்துவிட்டது.

கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். விரல் அதன்மேல் ஒருமுறை ஓடியது. முடிந்த இடத்திலேயே நின்றது. தாளில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கீழ்வரை தடவினாள். ஒன்றுமில்லை.

"காது இருந்தப்போ இதைச் சொல்ல வாய் வரலையா அண்ணி?"

என்ன பதில் சொன்னாலும் கேட்கப்போவதில்லை. அப்படியும் வாய்விட்டுச் சொன்னேன். வரவில்லை என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் விடுதிக் காப்பாளர் போன் செய்தார். அறை தயார், எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று. ஒரு நிமிடம் என்றேன். கணவரின் அறைக்குப் போய், 'விடுதியிலிருந்து போன். என்ன சொல்ல?' என்று அடித்து எடுத்துவந்தேன்.

சின்னு படித்தாள். கையை நீட்டினாள். ரிசீவரைக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தாள், திருப்பி வைத்தேன்.

"வணக்கம் சார். நான்தான் பேசறேன். நான் வரல. ரூமை வேற யாருக்காவது குடுத்துடுங்க. எங்க அண்ணி அடிக்கறதுல நெறைய எழுத்துப்பிழை வருது, கூட இருந்து திருத்தணும். ரொம்ப நன்றி சார்."

மறுமுனையில் அவர் ஏதோ பேசிக்கொண்டேயிருந்தார், எனக்குக் கேட்டது. அவள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"அவர் என்ன சொன்னாருன்னு அப்புறமா அடிச்சுக் குடுங்க."